வைரஸ்: உயிரியலிலும் கணினியியலிலும் ஒரு சொல்லின் பொருட்பரப்பும் தமிழாக்கமும்

முன்னுரை

ஒரு துறையில் வழங்கும் சொல் பிறிதொரு துறைக்குச் சென்று அங்கும் கலைச்சொல்லாக நிலைபெறுவது மொழி வரலாற்றில் புதியதன்று. ஆயினும் சென்ற இடத்திலும் தன் பழைய உறவுகளை விடாது, இரு துறையினரும் ஒருவர் துறையை மற்றவர் நோக்கிச் சிந்திக்கக் காரணமாகும் சொற்கள் மிகச் சிலவே. வைரஸ் என்பது அத்தகைய சொற்களுள் ஒன்று. உயிரணுவுக்குள் புகுந்து பெருகும் நுண்பொருளையும், கணினி நிரலுக்குள் புகுந்து பெருகும் நிரலையும் இச்சொல் ஒருங்கே குறிக்கின்றது.

தமிழில் இதற்கு நச்சுயிரி, நச்சு நுண்மம், தீநுண்மி, அதிநுண்ணுயிரி என உயிரியல் சார்ந்த ஆக்கங்களும், நச்சுநிரல் எனக் கணினியியல் சார்ந்த ஆக்கமும் வழங்குகின்றன. வைரஸ், வைரசு என்னும் ஒலிபெயர்ப்பு வடிவங்களும் உடன் வழங்குகின்றன. இவற்றை மதிப்பிடுவோர் முன் பெரும்பாலும் நிற்கும் வினா, எது தூய தமிழ் என்பதே. எந்தச் சொல் பொருளை உள்ளவாறு சுட்டுகிறது என்னும் வினா அதற்குப் பின்னரே இடம்பெறுகிறது. இவ்விரண்டாம் வினாவை முதன்மையாகக் கொண்டு, அச்சொல்லின் பொருள் வளர்ச்சியை இரு துறைகளிலும் வரையறுத்து, அதன் வழித் தமிழ் ஆக்கங்களைத் திறனாய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பலபொருள் ஒருசொல் பற்றிய தொல்காப்பியக் கோட்பாடு ஆய்வுக்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

சொல்லின் மூலப்பொருள்

வைரஸ் இலத்தீன் மொழிச் சொல். நஞ்சு, பிசுபிசுப்பான நீர்மம், கடுநாற்றம் ஆகிய பொருள்களில் அம்மொழியில் அது வழங்கியது. வடமொழியின் விஷம் என்னும் சொல்லும் இலத்தீனின் வைரஸும் கிரேக்கத்தின் ஐயோஸும் இந்தோ ஐரோப்பிய மொழிக் குடும்பத்தின் ஒரே வேரினின்று கிளைத்தவை. விஷம் தமிழில் விடம் எனத் திரிந்து வழங்குவது யாவரும் அறிந்தது. ஆகவே, விடம் என்னும் தற்சிதைவும் வைரஸ் என்னும் அண்மைக்காலக் கடன்சொல்லும் வெவ்வேறு வழிகளில் தமிழுக்கு வந்து சேர்ந்த உறவுச் சொற்களாகும். முன்னது வடமொழி வழியாகவும் பின்னது ஆங்கிலத்தின் வழியாகவும் வந்தன. இந்த உறவை நோக்கினால், நச்சுயிரி என்று ஆக்கியோர் மூலச்சொல்லின் வேர்ப்பொருளைப் பிழையின்றிப் பெயர்த்துள்ளனர் என்பது புலனாகும்.

எனினும் வேர்ப்பொருளும் வழக்குப்பொருளும் ஒன்றல்ல. ஆங்கிலத்தில் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் நஞ்சு என்னும் பொருளிலேயே நுழைந்த இச்சொல், 18ஆம் நூற்றாண்டில் தொற்றுநோயை உண்டாக்கும் பொருளைக் குறிக்கலாயிற்று. 1798இல் எட்வர்ட் ஜென்னர் கோவசூரி பற்றி எழுதிய நூலில், பசுவின் கொப்புளத்திலிருந்து எடுக்கப்படும் நோய்ப்பொருளை இச்சொல்லாலேயே சுட்டினார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லூயி பாஸ்டரும் வெறிநாய்க்கடி நோயை உண்டாக்கும் பொருளை இவ்வாறே அழைத்தார். அக்காலத்தில் எந்த நோய்க்காரணியையும் அது பாக்டீரியாவா பிறிதொன்றா என்ற வேறுபாடின்றி வைரஸ் என்னும் வழக்கம் இருந்தது. அதுவரை அச்சொல் ஒரு பொருளின் பெயராக இருந்ததைவிட, அறியப்படாத ஒன்றன் செயலுக்கு இடப்பட்ட பெயராகவே இருந்தது எனலாம்.

உயிரியலில் பொருள் வரையறை

1892இல் திமித்ரி இவனோவ்ஸ்கி, நோயுற்ற புகையிலைச் செடியின் சாற்றைப் பாக்டீரியாவைத் தடுக்கவல்ல வடிப்பானில் வடித்த பின்னும் அச்சாறு நோயைப் பரப்புவதைக் கண்டார். 1898இல் மார்ட்டினஸ் பெய்ஜெரிங்க் அதே முடிவைத் தம் சோதனைகளால் உறுதிப்படுத்தி, அக்காரணி உயிருள்ள தொற்று நீர்மம் என்று கருதினார். வைரஸ் என்னும் சொல்லையும் அதற்கு ஆண்டார். நீர்மம் என்னும் இலத்தீன் பொருளுக்கு அவருடைய கருத்து அணுக்கமாக இருந்தது. அவ்வாண்டிலேயே லோஃப்லரும் ஃப்ராஷும் கால்நடைகளின் கோமாரி நோய்க்கும் இத்தகைய வடிகட்ட இயலாக் காரணியே மூலம் எனக் காட்டினர்.

பெய்ஜெரிங்கின் நீர்மக் கருத்து நிலைக்கவில்லை. 1935இல் வெண்டல் ஸ்டான்லி புகையிலைத் தேமல் வைரஸைப் படிகமாக்கினார். உப்பையும் சர்க்கரையையும் போலப் படிகமாகும் ஒன்று, மீண்டும் செடியில் இட்டால் பெருகியது. உயிருள்ளது, உயிரற்றது என்னும் பாகுபாட்டின் எல்லையில் நிற்கும் பொருளாக வைரஸ் அறியப்பட்டது அப்போதுதான். 1939இல் மின்னணு நுண்ணோக்கி அதன் உருவத்தைக் காட்டிற்று. ஏறத்தாழ 300 நானோமீட்டர் நீளமும் 18 நானோமீட்டர் விட்டமும் கொண்ட கோல் வடிவம் அது. புரத உறைக்குள் ஆர்.என்.ஏ. இழை ஒன்று இருப்பதே அதன் அமைப்பு. சில வைரஸ்களில் ஆர்.என்.ஏ.க்கு மாற்றாக டி.என்.ஏ. அமையும். தனக்கெனப் புரதம் ஆக்கும் கருவி எதுவும் அதனிடம் இல்லை. புகுந்த உயிரணுவின் கருவிகளைக் கொண்டே அது தன் படிகளை ஆக்குகிறது.

இவ்வாறு, வைரஸ் என்னும் சொல்லின் பொருள் நஞ்சு என்பதினின்று படிப்படியாக விலகி, பெருகும் முறை ஒன்றைக் குறிப்பதாக மாறிற்று. வேறோர் உயிரணுவின் உதவியின்றித் தன்னைப் படியெடுக்க இயலாமையே இன்று வைரஸின் அடையாளம். அது தீங்கு செய்யுமா என்பது இவ்வரையறையில் இல்லை. பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ்கள் 1915இல் ஃபிரெடெரிக் ட்வோர்ட்டாலும் 1917இல் ஃபெலிக்ஸ் டெரெல்லாலும் கண்டறியப்பட்டன. பாக்டீரியாவுக்குக் கேடாகும் அவை, அந்தப் பாக்டீரியாவால் நோயுறும் மனிதனுக்கு மருந்தாகவும் பயன்பட்டன. 1896இல் எர்னஸ்ட் ஹேன்கின், கங்கை, யமுனை ஆற்றுநீருக்குக் காலராக் கிருமியை அழிக்கும் ஆற்றல் உண்டு என்று எழுதியது இத்தகைய வைரஸ்கள் பற்றிய முன்குறிப்பாகப் பின்னர்க் கருதப்பட்டது. மனிதனின் மரபுத்தொகுதியில் ஏறத்தாழ 8 விழுக்காடு பண்டை வைரஸ்களின் எச்சம். கருவுற்ற தாயின் நஞ்சுக்கொடி உருவாக உதவும் சின்சிட்டின் என்னும் புரதத்தின் மரபணு அவ்வெச்சத்தினின்றே வந்தது என்பதும் 2000இல் அறியப்பட்டது. 17ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் பெருவிலை பெற்ற டூலிப் மலர்களின் வண்ணக் கோடுகளும் வைரஸ் தொற்றின் விளைவேயாகும்.

கணினியியலுக்குப் பெயர்ந்தமை

வைரஸ் கணினியியலுக்குச் செல்லும் முன்பே, உயிரியல் தகவல் துறையின் சொற்களைக் கடன் வாங்கியிருந்தது என்பது இங்கு நினைக்கத்தக்கது. மரபுக் குறியீடு, தூது ஆர்.என்.ஏ., படியெடுத்தல், மொழிபெயர்த்தல் ஆகிய சொற்கள் 1950களிலும் 1960களிலும் மூலக்கூற்று உயிரியலில் வேரூன்றின. உயிரைத் தகவலாகக் காணும் நோக்கு நிலைபெற்ற பின்னரே, தகவலை உயிராகக் காணும் நோக்கும் எளிதாயிற்று. 1940களின் இறுதியில் ஜான் வான் நியூமன் தன்னைத் தானே படியெடுக்கும் இயந்திரம் பற்றி ஆற்றிய விரிவுரைகள், அவர் மறைவுக்குப் பின் 1966இல் நூலாயின. அதில் வைரஸ் என்னும் பெயர் நிலைபெறவில்லையாயினும் கருத்து இருந்தது.

பெயர் முதலில் கிடைத்தது புனைகதையில். டேவிட் ஜெரால்டு 1972இல் வெளியிட்ட 'வென் ஹார்லி வாஸ் ஒன்' என்னும் நாவலில், கணினிக்குக் கணினி தொற்றும் நிரல் ஒன்றுக்கு வைரஸ் என்றும், அதற்கு மாற்றான நிரலுக்குத் தடுப்பூசியைக் குறிக்கும் சொல்லும் பெயர்களாயின. ஜான் பிரன்னர் 1975இல் எழுதிய 'தி ஷாக்வேவ் ரைடர்' நாவல் வலையமைப்பில் ஊடுருவும் நிரலை நாடாப்புழு என்றது. இன்று புழு எனப்படும் நிரல் வகையின் பெயர் அந்நாவலின் வழிவந்தது. கலைச்சொல் ஆய்வறையில் மட்டுமே பிறக்கும் என்னும் எண்ணத்திற்கு இவ்விரண்டும் மறுப்பாக அமைகின்றன.

1982இல் அமெரிக்கப் பள்ளி மாணவர் ஒருவர் ஆப்பிள் கணினிக்கு எழுதிய 'எல்க் குளோனர்' என்னும் நிரல், வட்டிலிருந்து வட்டுக்குத் தன்னைப் படியெடுத்துச் சென்றது. தொற்றிய வட்டைக் கொண்டு 50ஆம் முறை கணினியை இயக்கும்போது அது திரையில் ஒரு சிறு பாட்டைக் காட்டிற்று. அதற்கு மேல் கேடு செய்யும் நோக்கம் அதற்கில்லை. அப்போது அது வைரஸ் என்று பெயர் பெற்றிருக்கவுமில்லை. 1983இல் ஃபிரெட் கோஹன் இத்தகைய நிரலை ஆய்வு நோக்கில் எழுதிச் செய்துகாட்டியபோது, அவருடைய ஆசிரியர் லெனார்டு ஏடில்மேன் அதற்கு வைரஸ் என்னும் பெயரை முன்மொழிந்தார். 1984இல் வெளிவந்த கோஹனின் கட்டுரை அப்பெயரை நிலைநிறுத்திற்று. பெயர் தந்த ஏடில்மேனே 1994இல் டி.என்.ஏ. மூலக்கூறுகளைக் கொண்டு கணக்கிடும் முறையைச் செய்துகாட்டினார் என்பது இவ்விரு துறைகளின் நெருக்கத்திற்குச் சான்றாகும்.

கோஹனின் வரையறையின் கருத்து, பிற நிரல்களைத் திருத்தி அவற்றுள் தன் படியையோ மாறிய படியையோ சேர்க்கும் நிரல் வைரஸ் என்பதாகும். இவ்வரையறையிலும் கேடு என்னும் கூறு இல்லை. கோப்புகளைச் சுருக்கி வட்டில் இடம் மிச்சப்படுத்தும் பயனுள்ள வைரஸ் ஒன்றையே அவர் தம் கட்டுரையில் எடுத்துக்காட்டாக விளக்கினார். ஆகவே, உயிரியலில் நஞ்சு என்னும் பொருள் நீங்கிய பிறகே இச்சொல் கணினியியலுக்குப் பெயர்ந்தது என்பதும், பெயர்ந்தது பெருகும் முறையே அன்றி நச்சுத்தன்மை அன்று என்பதும் தெளிவாகின்றன.

ஒப்புமையின் பயனும் எல்லையும்

இலக்கண மரபில் இப்பெயரை உவமையாகுபெயராகக் கொள்ளலாம். பாவை வந்தாள் என்னும்போது பாவையின் அழகு ஒன்றே பெண்ணுக்கு ஏறுகிறது. பாவையின் அசையாமை ஏறுவதில்லை. அதுபோலவே கணினிக்கு வந்த வைரஸிடம் படியெடுத்தல், பிறிதொன்றைச் சார்தல், தொற்றுதல், மாறுபடுதல் ஆகியன ஏறின. புரத உறையும் நுண்மையும் ஏறவில்லை.

இவ்வொப்புமை அணியளவில் நின்றுவிடவில்லை. 1991இல் ஜெஃப்ரி கெஃபார்ட், ஸ்டீவ் ஒயிட் ஆகியோர் தொற்றுநோய்ப் பரவலுக்கான கணித மாதிரிகளைக் கணினி வைரஸின் பரவலுக்குப் பொருத்தினர். 1994இல் ஸ்டெஃபனி ஃபாரஸ்டும் உடனாய்வோரும், உடலின் தடுப்பாற்றல் தன்னுடையதையும் அயலதையும் பிரித்தறியும் முறையைக் கணினிப் பாதுகாப்புக்கு வழியாக்கினர். ஒரே சொல்லால் இரு பொருள்களும் அழைக்கப்பட்டமை இவ்வகைச் சிந்தனைக்கு வழி எளிதாக்கிற்று எனலாம்.

1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் பரவிய மாரிஸ் நிரலைப் பற்றிய விவாதம் இதற்கு மற்றொரு சான்று. அதனை யூஜின் ஸ்பாஃபோர்டு புழு என்றார். மார்க் ஐகின், ஜான் ராக்லிஸ் ஆகியோர் அது வைரஸ் என்றனர். தனித்து இயங்குவது புழு, பிறிதொன்றனுள் புகுந்து இயங்குவது வைரஸ் என்பதே வேறுபாடு. எனவே, இங்குப் புகப்பட்டது எது என்னும் வினா முதன்மை பெற்றது. நிரலையே ஓம்புயிராகக் கொண்டால் அது புழு. கணினியை ஓம்புயிராகக் கொண்டால் அது வைரஸ். கணினி வல்லுநர் தம் பொருளை வகைப்படுத்த உயிரியலின் வகைப்பாட்டு நெறியையே நாடினர் என்பது குறிக்கத்தக்கது.

ஒப்புமை நின்றுவிடும் இடமும் உண்டு. கணினி வைரஸுக்கு ஆக்கியோன் உண்டு. உயிரியல் வைரஸுக்கு அவ்வாறு ஒருவன் இல்லை. 1986இல் லாகூரில் எழுதப்பட்ட 'பிரெயின்' என்னும் நிரல் தன்னை ஆக்கியோரின் பெயரையும் முகவரியையும் தன்னுள் தாங்கியிருந்தது. 2000 மே மாதத்தில் காதல் கடிதம் என்னும் பெயரில் மின்னஞ்சல் வழியே பரவிய நிரல், திறப்பவரின் ஆவலை எதிர்பார்த்தே எழுதப்பட்டது. கணினி வைரஸின் பின்னே ஒரு கருத்து உண்டு. அக்கருத்தை நல்லது, தீயது என மதிப்பிட இயலும். அம்மைக்கும் போலியோவுக்கும் உரிய வைரஸ்களுக்கு நோக்கம் இல்லை. அவற்றின் விளைவைத் தீது எனலாம். அவற்றைத் தீயன என்பது உவமை வழக்கே.

தொல்காப்பியக் கோட்பாடும் வைரஸ் என்னும் சொல்லும்

சொல்லதிகாரக் கிளவியாக்கம் பலபொருள் ஒருசொல்லை இருவகையாகப் பகுக்கின்றது. வினையால் வேறுபடுவது ஒன்று. வினையால் வேறுபடாதது மற்றொன்று. முன்னதன் பொருள் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிவாகும். மா பூத்தது என்றால் மரம் என்பதும், மா ஓடிற்று என்றால் விலங்கு என்பதும் வினையாலே விளங்கும். பின்னதற்கு வினை துணை செய்யாது. மா வீழ்ந்தது என்றால் மரமும் வீழும், விலங்கும் வீழும். ஆதலின், அங்கு மாமரம் என்றோ விலங்குமா என்றோ கிளந்து கூறல் வேண்டும் என்பது உரையாசிரியர் விளக்கம்.

வைரஸ் என்னும் சொல்லை இக்கோட்பாட்டில் வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படுகிறது. பொதுவாகப் பெயர் மட்டும் ஒரு துறையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும். வினைகள் தங்கிவிடும். எலியின் வடிவம் நோக்கிக் கணினியின் சுட்டுகருவிக்கு ஆங்கிலத்தார் எலி எனப் பெயரிட்டனர். தமிழிலும் அது சிலரால் எலி எனப்பட்டது. ஆனால் அந்த எலி ஓடுவதுமில்லை, கொறிப்பதுமில்லை. வைரஸ் அவ்வாறன்று. அது தன் வினைகளையும் உடன்கொண்டு பெயர்ந்தது. உயிரியல் வைரஸும் தொற்றுகிறது, கணினி வைரஸும் தொற்றுகிறது. பரவுதல், தாக்குதல், பெருகுதல், மறைந்திருத்தல், ஒழிக்கப்படுதல் ஆகிய வினைகள் அனைத்தும் இரண்டற்கும் பொது. எனவே, இச்சொல் வினைவேறுபடாப் பலபொருள் ஒருசொல்லாகும்.

வழக்கும் இதனை உறுதிசெய்கின்றது. 2000ஆம் ஆண்டையொட்டி ஓர் அலுவலகத்தில் வைரஸ் வந்துவிட்டது என்று ஒருவர் கூறினால் கேட்போர் கணினியை நோக்கியிருப்பர். 2020இல் அதே தொடரைக் கேட்டோர் உடல்நலத்தை எண்ணி அஞ்சினர். தொடரில் எச்சொல்லும் மாறவில்லை. மாறியது சார்பு. சார்பு தெளிவில்லாத இடங்களில் கணினி வைரஸ், கொரோனா வைரஸ் எனக் கிளந்து கூறும் வழக்கம் மக்களிடையே தானே அமைந்துவிட்டது. இலக்கணம் வகுத்த நெறியை இலக்கணம் கல்லாதோரும் பின்பற்றியுள்ளனர்.

இன்று வைரல் என்னும் மூன்றாம் வழக்கும் சேர்ந்துள்ளது. ஒரு காணொளி வைரலாகப் பரவியது என்பதில் நோயும் இல்லை, நிரலும் இல்லை, பெரும்பாலும் கேடும் இல்லை. பார்ப்பவரே அதைப் பிறர்க்கு அனுப்பும் பரவல் முறை ஒன்றே எஞ்சியுள்ளது. அச்சொல்லின் நடுப்பொருள் பெருகும் முறை என்னும் முடிவுக்கு இவ்வழக்கும் துணைநிற்கிறது. பொதுமக்கள் இதனை நஞ்சாகப் பரவியது என்று எங்கும் கூறுவதில்லை.

தமிழ் ஆக்கங்கள்: ஒரு மதிப்பீடு

மேற்கண்ட பொருள் வரையறையைக் கொண்டு தமிழ் ஆக்கங்களை நோக்கலாம்.

நச்சுயிரி என்னும் ஆக்கம் இரண்டு தீர்ப்புகளைத் தன்னுள் அடக்கியுள்ளது. நச்சு என்பதனால் அது கேடு என்று முடிவாகிறது. உயிரி என்பதனால் அது உயிருள்ளது என்று முடிவாகிறது. முதல் முடிவு வரையறைக்குப் புறம்பானது. இரண்டாவது 1935 முதல் உயிரியலில் தீராத வினா. வைரஸ் உயிருள்ளதா என்னும் வினாவைத் தமிழில் எழுப்பும் மாணவன், நச்சுயிரி உயிருள்ளதா என்று கேட்க நேர்கிறது. வினாவுக்கு விடை வினாவுக்குள்ளேயே அமைந்துவிடுகிறது. அதிநுண்ணுயிரி முதல் குறையினின்று நீங்கியது. இரண்டாம் குறை அதற்கும் உண்டு.

தீநுண்மி, நச்சு நுண்மம் என்பன உயிர் பற்றிய முடிவைத் தவிர்க்கின்றன. இவ்வகையில் இவை நச்சுயிரியினும் சிறந்தன. ஆயினும் முன்னொட்டின் தீர்ப்பு இவற்றிலும் தொடர்கிறது. தாயின் கருவைப் பேண உதவிய மரபணுவைத் தந்த ஒன்றைத் தீநுண்மி என்பதும், காலராக் கிருமியை அழிக்கும் ஒன்றை நச்சு நுண்மம் என்பதும் முரணாக ஒலிக்கின்றன. இன்னொரு முரணும் கருதத்தக்கது. வைரஸ் புகும் உயிரணுவுக்கு விருந்தோம்பி என்னும் சொல் பாடநூல்களில் ஆளப்படுகிறது. புகும் பொருளுக்குப் பகைமை தோன்றவும், புகப்பட்ட இடத்திற்கு அன்பு தோன்றவும் பெயரிட்டால், இவ்விரண்டும் சேரும் தொடரில் அறிவியல் விளக்கத்தினும் அறக்கதையின் சாயலே மிகும்.

கணினியியலில் வழங்கும் நச்சுநிரல் வேறு வகையான இடர்ப்பாட்டைத் தருகிறது. கேடு செய்யும் நிரல்கள் பல வகையின. தன்னைப் படியெடுத்துப் பிற நிரலில் ஒட்டிக்கொள்வது வைரஸ். தனித்துப் பரவுவது புழு. நல்ல நிரல்போல் நடித்து உட்புகுவது டிரோஜன் குதிரை. இம்மூன்றையும் அடக்கிய பொதுப்பெயரும் தேவை. கேடு என்னும் பண்பால் பெயர் பெற்ற நச்சுநிரல் இப்பொதுப்பெயர்க்கே பொருந்தும். அதனை வைரஸ் என்னும் ஒரு வகைக்குச் சுருக்கினால், படியெடுத்துப் பெருகாத டிரோஜனும் நச்சுநிரல் அன்று என்றாகிவிடும். அன்றி, எல்லாவற்றையும் நச்சுநிரல் என்றால் வைரஸின் தனியியல்பு மறைந்துவிடும். மேலும், ஆக்கியோனின் தீய நோக்கம் கருதிப் பெயரிடுதல் கணினியியலில் பொருந்தும் என்பது முன்னர்க் கூறப்பட்டது. ஆகவே நச்சு என்னும் அடை, உயிரியலினும் கணினியியலுக்கே ஏற்றது. அங்கும் அது பொதுப்பெயர்க்கு ஏற்றது.

இவற்றினும் பெரிய இழப்பு, நச்சுயிரி, நச்சுநிரல் என இரு துறைக்கும் இரு சொற்களை வழங்குவதால் நேர்கிறது. நச்சு என்னும் அடை இவ்விரண்டையும் இணைக்கிறது என்று கூறலாம். ஆனால் அவ்வடை நச்சுக்காற்று, நச்சுப்பாம்பு, நச்சுப்பேச்சு என எண்ணற்ற சொற்களிலும் வருவது. திருக்குறளும் கள்ளுண்பாரை நஞ்சுண்பாராகக் கருதுகிறது. கேடு அனைத்திற்கும் பொதுவான அடை, இவ்விரண்டிற்கு மட்டும் உரிய உறவைக் காட்டாது. பெருகும் முறை என்னும் உண்மையான பாலம் எந்தச் சொல்லிலும் இடம்பெறவில்லை. தொற்றுநோய்க் கணிதம் நச்சுநிரலுக்கு ஏன் பொருந்துகிறது என்று தமிழில் மட்டும் பயிலும் மாணவனுக்குச் சொல்லே உணர்த்துவதில்லை. ஆங்கிலத்தில் பயில்வோனுக்குப் பெயரே தரும் குறிப்பு அவனுக்குக் கிட்டுவதில்லை.

பெயரில் அடங்கும் தீர்ப்பு சமுதாய விளைவும் உடையது. நோய்களுக்குப் பெயரிடும்போது இடம், மக்கள், விலங்கு ஆகியவற்றைச் சுட்டி இழிவு நேரச் செய்தல் கூடாது என உலக சுகாதார நிறுவனம் 2015இல் நெறிமுறை வகுத்தது. 2020 பிப்ரவரியில் கோவிட்-19 என்னும் பெயர் அந்நெறிப்படியே இடப்பட்டது. சொல்லின் தீர்ப்பு நோயினின்று நோயுற்றோர்மேல் தாவும் என்பதே அந்நெறியின் அடிப்படை. நஞ்சைச் சுமப்பவர் என்பதும் தொற்றுக்கு ஆளானவர் என்பதும் கேட்போர் மனத்தில் ஒன்றாக நில்லா.

மாற்றுக் கருத்துகள்

தமிழ் ஆக்கங்களின் சார்பாக மூன்று கருத்துகள் கூறத்தக்கன. முதலாவது, காரணப்பெயர் பொருள் விளங்கத் துணைபுரியும் என்பது. இது பெரிதும் உண்மையே. ஒளிச்சேர்க்கை என்னும் சொல் அதன் நிகழ்வை விளக்கி நிற்பது போல எந்தக் கடன்சொல்லும் விளக்காது. ஆனால் காரணப்பெயர் சுட்டும் காரணம் பொருளுக்கு இன்றியமையாததாக இருத்தல் வேண்டும். நச்சுயிரி விளக்குவது வைரஸ் என்னும் பொருளை அன்று, அச்சொல்லின் பழைய வரலாற்றையே.

இரண்டாவது, மூலமொழியிலேயே அச்சொல் நஞ்சைக் குறித்ததாயின் தமிழில் மட்டும் அதனை விலக்குவது ஏன் என்பது. இலத்தீன் அறியாத ஆங்கில மாணவனுக்கு வைரஸ் இன்று இடுகுறிப்பெயரே. காரணம் காலத்தால் மறைந்துவிட்டது. சொற்பொருளின் காரணம் உடனே விளங்கித் தோன்றாது என்று உரியியல் கருதுவதும் இத்தகைய சொற்களுக்குப் பொருந்தும். தமிழில் நஞ்சு இன்றும் நாளும் பேசப்படும் உயிருள்ள சொல். அதனால் அதன் காரணம் மறைய வழியில்லை. ஒரே வேர்ப்பொருள் இரு மொழிகளில் இருவேறு வலிமையோடு ஒலிக்கின்றது.

மூன்றாவது, கடன்சொல் மிகுந்தால் தமிழின் ஆக்கத்திறன் குன்றும் என்பது. இவ்வச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் வடசொல்லையும் திசைச்சொல்லையும் தமிழ் ஒலிமரபுக்கு ஏற்பத் தழுவிக்கொள்ள எச்சவியல் இடம் தந்துள்ளது. வைரசு என்னும் வடிவம் அவ்வழிப்பட்டது. அதனின்று வைரசியல், வைரசுத் தடுப்பி, வைரசுத்தொற்று எனத் தமிழ் ஒட்டுகளோடு சொற்கள் பிறக்கவும் தடையில்லை. ஆக்கத்திறன் வேர்ச்சொல்லில் மட்டும் அன்றி, வந்த சொல்லைத் தன்வயமாக்குவதிலும் வெளிப்படும்.

முடிவுரை

வைரஸ் என்னும் சொல் நஞ்சு என்னும் பொருளில் தொடங்கி, உயிரியலில் பெருகும் முறை ஒன்றன் பெயராக வரையறை பெற்று, அவ்வரையறையோடு கணினியியலுக்குச் சென்றது. இரு துறைகளிலும் கேடு அதன் அடிக்கடி நேரும் விளைவேயன்றி இலக்கணம் அன்று. நச்சுயிரி, தீநுண்மி, நச்சுநிரல் என்னும் ஆக்கங்கள் விளைவை இலக்கணமாகக் கொண்டுள்ளன. அறிவியல் கைவிட்ட தீர்ப்பைத் தமிழ் தன் சொல்லுக்குள் நிலைபெறச் செய்துள்ளது.

இதனைக் களைய, வைரஸ் அல்லது வைரசு என்பதை இரு துறைக்கும் பொதுச்சொல்லாகக் கொண்டு, மயக்கம் நேருமிடத்துக் கணினி வைரசு எனக் கிளந்து கூறுதல் தகும். நச்சுநிரல் என்பதைக் கேடு செய்யும் நிரல்கள் அனைத்திற்குமான பொதுப்பெயராக உயர்த்துதல் தகும். அவ்வாறு செய்யின் இரு துறை உறவும் காக்கப்படும். நல்லதொரு தமிழ் ஆக்கமும் தனக்குரிய இடத்தைப் பெறும். கலைச்சொல்லின் முதற்கடமை, தான் சுட்டும் பொருளைப் பற்றி மாணவன் கேட்கக்கூடிய வினாக்களுக்கு இடம் விட்டு நிற்றலாகும்.